கழுத்தும் வாலும் இல்லாத படம்

எங்கள் தெருவில் பாம்பு வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். காலேஜில் விலங்கியல் நடத்துவதால் வந்த வினை. ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக்கரைப் பக்கம் வீடு என்பதால், மழை பெய்தால் யார் வீட்டிலாவது ஒன்று எட்டிப் பார்க்கும். பெரும்பாலும் வெள்ளிக்கோல் வரையன்தான். விரல் பருமன்கூட இருக்காது. பல்லியைத் தேடிச் சுவரேறி வரும், விஷமில்லாத அப்பாவி. உடம்பில் வெள்ளைப் பட்டைகள் இருப்பதால் கட்டுவிரியன் என்று பயந்து அடித்துவிடுவார்கள்.

கழுத்திலிருந்தே பட்டை பளிச்சென்று தொடங்கி வால் பக்கம் மங்கினால் அது வரையன். கழுத்துப் பக்கம் மங்கலாகத் தொடங்கி வால்வரை பளிச்சென்று போனால் கட்டுவிரியன். பார்த்தவுடனே தெரியுமே, இதற்குப் போய் ஏன் தடியைத் தூக்குகிறீர்கள் என்று எல்லோரிடமும் எரிந்து விழுவேன்.

போன ஐப்பசியில் ஒருநாள் காலை, திருச்சி கே.கே. நகரில் அக்கா வீட்டு மோட்டாரைப் பார்க்கப் போயிருந்தேன். எதிர் வீட்டு மாமா போன் செய்தார். என் மனைவி உயரத்தில் கட்டிய கொடியிலிருந்து, பூஜைக்கு உடுத்தும் மடிப்புடவையைக் கோலால் எடுத்திருக்கிறாள். புடவையோடு ஒரு பாம்பும் விழுந்து மணிக்கட்டில் கடித்துவிட்டது.

"நான் அடிச்சுட்டேன். வெள்ளை வெள்ளையா பட்டை இருக்கு. இவ ஆட்டோவில அழைச்சுண்டு கிளம்பிட்டா," என்றார். இவள் என்றது அவர் மனைவியை. ஒரு படம் எடுத்து அனுப்பிவிட்டு, பாம்பைப் பையில் போட்டுப் புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரச் சொன்னேன்.

படம் வந்தது. தலைமேலும் கழுத்துமேலும் தடி கிடந்தது. வால் புடவை மடிப்புக்குள் இருந்தது. நடு உடம்பு மட்டும்தான் தெரிந்தது. நடு உடம்பை வைத்து என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. பாம்புதான் வருகிறதே என்று ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீக்கமில்லை, வலியுமில்லை. அதுவே பயமாக இருந்தது. கட்டுவிரியன் கடித்தாலும் வலிக்காது. சற்று நேரத்தில் மாமா வெறுங்கையோடு வந்தார்.

"பாம்பு எங்கே?"

"தகனம் பண்ணிட்டேன். ஆதிசேஷன் வம்சமாச்சே, அதைப் பையில போட்டு எடுத்துண்டு அலையறதா? பாலை விட்டு, கற்பூரம் ஏத்தி, முறையா பண்ணிட்டேன்."

பெருமாள் பள்ளிகொண்டிருப்பது சேஷன்மேல் என்பதால் எங்கள் தெருவில் செத்த பாம்புக்கு இந்த மரியாதை உண்டு. அடிக்கும்போது ஆதிசேஷன் ஞாபகம் வரவில்லையா என்று கேட்க நாக்கு துடித்தது. அவர் விரலிலும் கற்பூரம் சுட்டுக் கொப்பளித்திருந்தது. அதற்கு மருந்து போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

டாக்டர் சின்னப் பெண். "நீங்க ஜுவாலஜி சார்னு சொன்னாங்க. என்ன பாம்புங்க சார்?"

"வரையனா இருக்கலாம்."

"இருக்கலாமா?"

"தெரியலைம்மா."

எத்தனையோ முறை நடத்திய பாடத்தில் இந்தப் பதிலை எந்த மாணவன் சொல்லியிருந்தாலும் வகுப்பிலேயே மானத்தை வாங்கியிருப்பேன்.

"அறிகுறி தெரிஞ்சாத்தான் விஷமுறிவு மருந்து போடணும். நாளைக்குக் காலை வரைக்கும் வச்சுப் பார்ப்போம். கண் இமை தொங்குதான்னு கவனிச்சுக்கிட்டே இருங்க," என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

வேறு வேலை இல்லை. அவள் இமைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். விடிவதற்கு முன்பே எழுந்தவள் என்பதால் மத்தியானம் கண் சொருகியது. தூக்கத்தில் சொருகும் கண் எப்படி இருக்கும், விஷத்தில் தொங்கும் இமை எப்படி இருக்கும்? இத்தனை வருஷம் கூட வாழ்ந்தும் அவள் தூங்கப்போகும் முகத்தை நான் கவனித்ததே இல்லை.

"மேல பாரு."

பார்த்தாள்.

"இன்னொரு தரம்."

"தூங்க விடுங்கோளேன்," என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். குரல் இறங்கியது. "ஒண்ணும் பண்ணாது, ஒண்ணும் பண்ணாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்லுவேளே. எனக்கும் ஒரு தரம் சொல்லுங்கோ."

தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கிக் குடித்தாள், ஒழுங்காக விழுங்கினாளா என்று தொண்டையைப் பார்த்தேன்.

மறுநாள் காலை ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஆட்டோ காவிரிப் பாலத்தில் ஏறியபோது அவள் கேட்டாள்: "அப்போ அது அந்தச் சாதுதானே?"

கட்டுவிரியனும் சில சமயம் விஷம் இறக்காமல் கடிக்கும். அது எனக்குத் தெரியும்.

"ஆமாம்," என்றேன்.

"பாவம். ஒண்ணுமே பண்ணாததைப் போய் மாமா அடிச்சுட்டாரே," என்று சொல்லி, என் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். பாலம் முடியும்வரை பொறுத்துப் பார்த்தேன். அப்புறம் முடியவில்லை, அவளை எழுப்பி, மேலே பார்க்கச் சொன்னேன்.