பொன்னாடை விழுந்த இடம்

நெடுந்தீவில் கேதீஸ்வரி என்றால் எல்லோருக்கும் தெரியும். மீனாம்பிகையின் மூத்த மகள். தகப்பன் சரவணமுத்து மாடு வைத்திருந்தவர். அவருக்குப் பிறகு மாடுகளும் இவள் தலையில்தான். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. ஆனால் மேடையில் ஏறிவிட்டால் கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் கால் மணித்தியாலம் கவிதை சொல்லுவாள்.

அவள் எழுதுவதில்லை. நெடுந்தீவிலிருந்து அக்கரையில் உள்ள குறிகாட்டுவானுக்குப் போகும் படகில், பின்பக்கம், மெசினுக்குப் பக்கத்தில் இருந்து சொற்களைச் சேர்ப்பாள். அந்த இரைச்சலுக்குள் வாய் அசைவது யாருக்கும் கேட்காது. முன்னுக்கு இருக்கிறவர்கள், அலைக்கு வயிறு குமட்டினாலும், திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள்.

"கேதீஸ் அக்கா, ஆரோட சண்டை?"

"உங்களோட இல்லை. நீங்கள் வடிவாச் சத்தியெடுங்கோ."

முதல் மேடை மாதர் சங்கக் கூட்டம். நன்னீருக்கு வரிசையில் நின்ற கதையைச் சொன்னாள். முன்வரிசைப் பெண்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார்கள். அதன் பின் தீவுப்பகுதியில் எங்கே கவியரங்கம் வைத்தாலும் அவளுக்கு அழைப்பு வந்தது. எங்கும் கடைசி ஆளாகத்தான் போடுவார்கள். பாதிக் கதிரை காலியான பிறகு சொல்லிவிட்டு, படகைப் பிடிக்க ஓடுவாள்.

நாலு வருடத்துக்கு முந்தின மாசி மாதம் தங்கை சுலக்சனாவுக்குப் பிள்ளைப் பேற்று நோ கண்டது. காலை ஏழு மணி. நோயாளருக்கென்று விட்டிருந்த படகு துறையில் இல்லை. தீவின் காட்டுக் குதிரைகளைப் பார்க்க வந்த விருந்தாளிகளை ஏற்றி வர அக்கரைக்கு அனுப்பியிருந்தார்கள். அனுப்பியது ஒரு பெரிய உத்தியோகத்தர். பத்து மணிவரை பார்த்துவிட்டு, புருசன் சுபேசன் அவளைத் தன் மீன்பிடி வள்ளத்தில் ஏற்றினான். நடுக்கடலில் தாயும் போனாள், பிள்ளையும் போனது.

அதற்குப் பிறகு சுபேசன் அந்தக் கடலைத் தாண்டுவதில்லை. வள்ளத்தை விற்றுவிட்டு வீட்டோடு கிடக்கிறான்.

போன வருடம் ஊர்காவற்றுறைக் கவியரங்கத்துக்கு அழைப்பு வந்தபோது, பிரதம விருந்தினர் என்று அதே உத்தியோகத்தரின் பெயர் அச்சடித்திருந்தது. கேதீஸ்வரி அதைக் கொண்டுபோய்ச் சுபேசனுக்குக் காட்டினாள்.

அவன் அந்தப் பெயரின் மேல் விரலை வைத்தான். "மச்சாள், அந்தாளுக்கு அவளின்ர பேர் தெரியாது. ஒருக்கா அந்தாளின்ர காதில விழவேணும். வேற ஒண்டும் வேண்டாம்."

"விழும்," என்றாள்.

கவியரங்கத் தலைவர் பரராசசிங்கம் அந்நியரல்ல. அவருடைய தாயும் மீனாம்பிகையும் ஒன்றுவிட்ட சகோதரிகள். சுலக்சனாவின் கலியாணத்தில் மைக் பிடித்து வாழ்த்துப்பா படித்தவரும் அவர்தான். கவிதையை முன்கூட்டியே சொல்லிக் காட்டவேண்டும் என்று கேட்டார். கேதீஸ்வரி போனிலேயே முழுக்கச் சொன்னாள். கடைசி வரியில் தங்கையின் பெயர் வந்தது.

கவியரங்கத்தன்று மண்டப வாசலில் அவளை மறித்தார்.

"கேதீஸ், அதை விட்டிட்டு, கடலைப் பற்றி ஏதாவது சொல்லுமன்."

"இதுவும் கடல்தானே அண்ணை."

"வந்திருக்கிறவர் எங்களுக்கு மண்டபம் கட்டித் தரப்போறார். பேர் ஊர் ஒண்டும் வேண்டாம் பிள்ளை."

"அந்தாளின்ர பேரைச் சொல்லேல்லையே. ஒரு பேர்தான் சொல்லுறன். அதுவும் எங்கட வீட்டுப் பேர். நீங்கள் பந்தலுக்குள்ள நிண்டு வாழ்த்திப் படிச்ச பேர்."

பரராசசிங்கம் தோளில் கிடந்த சால்வையைச் சரிசெய்தார். "சரி, சொல்லும்," என்றார். அன்றைக்கு அவளை இரண்டாம் ஆளாகவும் கூப்பிட்டார். அவள் அதை நம்பினாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. பிரதம விருந்தினர் மேடையிலேயே, அவளுக்கு நாலு முழத்தில் இருந்தார். கேதீஸ்வரி கண்ணை மூடித் தொடங்கினாள்.

"காற்றும் சும்மா கிடந்தது,
கடலும் சும்மா கிடந்தது,
எங்கள் படகு மட்டும்
விருந்துக்குப் போயிருந்தது."

கதிரைகள் அசையவில்லை. விருந்தினர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர், நிமிர்ந்தார்.

"மூன்று மணித்தியாலம் துறையில் கிடந்தாள்.
வந்தவர்கள் குதிரையைப் பார்த்தார்கள்.
போகிறவளை ஒருவரும் பார்க்கவில்லை.
அவளுக்கும் ஒரு பெயர் இருந்தது –"

பெயரைச் சொல்ல மூச்சை எடுத்தாள். அந்த மூச்சுக்குள் தோளில் ஏதோ விழுந்தது. கண்ணைத் திறந்தால் பொன்னாடை. போர்த்துகிறவர் பிரதம விருந்தினர். பக்கத்தில் நின்று அவருக்கு மடிப்பை விரித்துக் கொடுக்கிறவர் பரராசசிங்கம். சபை கை தட்டியது. பொன்னாடை போர்த்தால் கை தட்டுகிற சபைதானே. கைதட்டலுக்குள் மைக் பரராசசிங்கத்தின் கைக்குப் போய்விட்டது.

"எங்கள் தீவகத்தின் கடற்குயிலைக் கௌரவித்த பிரதம விருந்தினருக்கு நன்றி. அடுத்து..."

படம் பிடிக்கிறவன் இந்தப் பக்கம் பார்க்கச் சொன்னான். பொன்னாடை போர்த்தவருக்குக் கும்பிடு போடுவது மேடைப் பழக்கம். பதினைந்து வருடப் பழக்கத்தில் கேதீஸ்வரியின் கைகள் தாமாக எழும்பின. அந்த மனிதரை அவள் கும்பிட்டாள். அவரும் பதிலுக்குக் கும்பிட்டு, "நல்ல கவிதை," என்றார்.

பரராசசிங்கம் செய்ததை அவள் ஒருநாள் மறக்கக்கூடும். தான் கும்பிட்டதை மறக்கமாட்டாள்.

பின்னேரப் படகில் மெசினுக்குப் பக்கத்தில் இருந்தாள். வாய் அசையவில்லை. யாரும் பகிடி விடவுமில்லை.

நெடுந்தீவுத் துறையில் சுபேசன் சைக்கிளோடு நின்றான். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவன், காலடி கேட்டுத் திரும்பினான். முதலில் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கையில் மடித்து வைத்திருந்த பொன்னாடையைத்தான் பார்த்தான்.

"பொன்னாடையும் போட்டிருக்கினம். அப்ப, சொன்னனீங்கள்."

மூன்று வருடத்துக்குப் பிறகு அவன் முகத்தில் இரத்த ஓட்டம் தெரிந்தது.

"ஓம்," என்றாள்.

"அந்தாள் கேட்டவரோ?"

"கிட்டத்தான் இருந்தவர்."

அவன் கேள்வியை அதோடு நிறுத்தினான். போர்த்தது யார் என்று கேட்கவில்லை. அவனிடம் இருப்பது பழைய பொத்தான் போன், படம் ஒன்றும் வராது.

"மச்சாள், இது உங்களுக்கெண்டு தந்ததுதான். எண்டாலும் தாங்கோவன். அவளின்ர படத்துக்குப் போடுவம்."

கேதீஸ்வரி கொடுத்தாள். வேறு என்ன செய்ய ஏலும்?

அந்தப் பொன்னாடை இன்றைக்கும் சுலக்சனாவின் படத்தைச் சுற்றிக் கிடக்கிறது. வருகிறவர்களுக்குச் சுபேசன் அதைக் காட்டி, சபையில் அவள் பெயரைச் சொன்ன கதையைச் சொல்லுவான். கேதீஸ்வரி அங்கே போனால் படத்துக்கு முதுகைக் காட்டி, குசினி அடுப்பைப் பார்த்தபடி இருப்பாள். இந்த வருட அழைப்பும் வந்திருக்கிறது. அவளுடைய பெயரை இரண்டாவதாகவே அச்சடித்திருக்கிறார்கள்.