டூருக்கு வந்த கேஸ் அடுப்பு

குடும்பத்தோடு டூர் போய் வந்தோம் என்று யாராவது சொன்னால், அந்த வீட்டில் சமைக்கிறவள் முகத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அவளும் சிரித்தால் நம்புவேன். நாங்கள் மரக்காணம் பக்கம் கடலோரத்து மரக் குடில்களில் தங்கப் போன கதையை என் நாத்தனார் போகிற கல்யாண வீட்டிலெல்லாம் சொல்லிவிட்டாள். நேரில் அவளை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். எழுதும்போது அந்த மரியாதை வரமாட்டேன் என்கிறது. அவள் கதையில் நான் டூரைக் கெடுத்தவள். ஆமாம், கெடுத்தேன். எப்படி என்று நானே சொல்கிறேன்.

திண்டிவனத்தில் எங்கள் வீட்டில் மாமனார், மாமியார், கொழுந்தன், கணவர், ஆறாவது படிக்கும் மகள், நான். கல்யாணமாகி வந்த மறுநாள் காலையில் பற்ற வைத்த அடுப்பை அதற்குப் பிறகு நான் விட்டதில்லை. தீபாவளிக்கு இரண்டு பங்கு வேலை. எனக்குக் காய்ச்சல் வந்தால், கஞ்சியை எனக்கு நானே வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குச் சோறும் வடிக்க வேண்டும். இதைக் கொடுமை என்று அங்கே யாரும் நினைக்கவில்லை. யாரும் நினைக்கவே இல்லை என்பதுதான் எனக்கு எரிச்சல்.

அந்தக் கோடை விடுமுறையில் என் கணவருக்கு யாரோ சொன்னார்கள், சவுக்குத் தோப்புக்குள் மரத்தால் சின்னச் சின்னக் குடில்கள் கட்டி விட்டிருக்கிறார்கள், வாடகை குறைவு, இறங்கி நடந்தால் கடல் என்று. ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது, இதுதான் நமக்குச் சரி என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார்.

"மூணு வேளை சாப்பாடும் வாடகையிலயே சேத்திதான். ரெண்டு நாளைக்கு நீ அடுப்பு பக்கமே போவ வேணாம்."

நான் புடவை கேட்டு அடம்பிடிக்கிறவள் இல்லை. கடல் பார்க்க வேண்டும் என்ற ஆசைகூடப் பெரிதாக இல்லை. யாரோ வடித்த சோற்றை உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். அந்த வாரம் முழுக்கப் பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிளம்புகிற அன்று விழுப்புரத்திலிருந்து நாத்தனார் தன் வீட்டுக்காரர், இரண்டு பையன்களோடு வேனில் வந்து இறங்கினாள். எங்கள் பையை வைக்கப் பின்கதவைத் திறந்தேன். உள்ளே ஒரு கேஸ் சிலிண்டர் படுத்திருந்தது. பக்கத்தில் அடுப்பு, குண்டான், அரிசி மூட்டை, புளி, மிளகாய்த்தூள் டப்பா, மூடி போட்டு வேட்டித் துணியால் கட்டிய இட்லி மாவு.

எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை. மேல்மலையனூருக்குப் போனாலும் வேளாங்கண்ணிக்குப் போனாலும் வேனில் ஆளுக்கு முன்னால் அண்டா ஏறிவிடும். ஆனால் சாப்பாட்டுக்கும் சேர்த்துக் காசு கட்டிவிட்டுச் சமையல்கட்டைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களை அன்றுதான் பார்த்தேன்.

"இன்னாங்க இது?" என்று கணவரைக் கேட்டேன்.

"அக்கா ஆசையா கொண்டாந்துட்டாங்க. இப்ப போய் எறக்க சொல்ல முடியுமா? உடு."

நாத்தனார் காதில் அது விழுந்துவிட்டது. "வெளிச்சாப்பாடு புள்ளைங்க வவுத்துக்கு ஒத்துக்காதும்மா. நாம இத்தன பேரு இருக்கறோம், ஒரு ஒல வைக்க முடியாதா?" என்றாள்.

இத்தனை பேர் என்றால் யார் என்று அங்கே போனதும் தெரிந்துவிட்டது.

உப்பளங்களைத் தாண்டி வேன் தோப்புக்குள் நுழைந்தது. அங்கே பொறுப்பில் இருந்தவர் சிலிண்டரைப் பார்த்ததும் பதறிப்போனார். மரக் குடிலுக்குள் அடுப்பு பற்ற வைக்கவே கூடாது, காலை டிபன் ஹாலில் தயாராக இருக்கிறது, நேரே போய்ச் சாப்பிடலாம் என்றார். அந்த மனுஷனைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. ஆனால் என் நாத்தனார் லேசுப்பட்டவளா? மாமியாருக்குச் சர்க்கரை, மாமனாருக்கு அல்சர், பிள்ளைகளுக்கு வாந்தி என்று ஊரில் இருக்கிற வியாதியை எல்லாம் எங்கள் குடும்பத்தின் தலையில் கட்டினாள். கடைசியில் அவர் சலித்துப்போய், குடிலுக்குப் பின்னால் குழாயடியில் வெட்டவெளியில் வைத்துக்கொள்ளுங்கள் என்று கையைக் காட்டிவிட்டுப் போனார். இவ்வளவு நேரமும் என் கணவர் புதிதாக வாங்கிய டச் போனில் சவுக்கு மரங்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

கடல்காற்றில் அடுப்பு நிற்குமா? பற்ற வைக்க வைக்க அணைந்தது. இரண்டு சூட்கேஸைச் சுற்றி நிறுத்தி, நடுவில் குந்திக்கொண்டு எல்லோருக்கும் இட்லி ஊற்றினேன். சட்னியில் மணல் நறநறக்கிறது என்று கொழுந்தன் முகத்தைச் சுளித்தான். அந்தக் கரண்டியை அவன் மேல் வீசாமல் இருந்ததற்கு எனக்கு ஒரு பட்டம் கொடுக்கலாம். சாப்பிட்டதும் எல்லோரும் கடலுக்குக் கிளம்பினார்கள். மகள் என் முந்தானையைப் பிடித்து, "நீயும் வாம்மா" என்றாள். பாத்திரத்தைக் கழுவிவிட்டு வருகிறேன் என்றேன்.

கழுவி முடித்து, சோற்றையும் வடித்து இறக்கிவிட்டுப் புடவையை உதறிக்கொண்டு கிளம்பும்போது எதிரே நாத்தனார் வந்தாள், கையில் ஒரு கூடை மீனோடு. கரையில் அப்போதுதான் வலையிலிருந்து எடுத்ததாம், இன்னும் துடிக்கிறதாம்.

"உன் கைப்பக்குவம் யாருக்கு வரும்? ஜல்தியா ஒரு கொழம்பு வச்சுடு. எல்லாரும் பசியா வந்துகினு இருக்காங்க."

செதிலைச் சுரண்டினேன், கழுவினேன், புளி கரைத்தேன், குழம்பைக் கூட்டி அடுப்பில் ஏற்றினேன். அப்போது சாப்பாட்டு ஹால் பக்கமிருந்து மணி அடித்தது. பக்கத்துக் குடில்களில் இருந்த பெண்கள் ஈரத் தலையை முடிந்துகொண்டு வெறுங்கையோடு நடந்து போனார்கள். வெறுங்கையோடு ஒரு பெண் சாப்பிடப் போவதை அன்றைக்குத்தான் கவனித்துப் பார்த்தேன். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, கொதிக்கிற குழம்பை அப்படியே விட்டுவிட்டுக் கடலைப் பார்த்து நடந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

முழங்கால் தண்ணீரில் நின்றேன். கவலையெல்லாம் பறந்தது, மனம் லேசானது என்றெல்லாம் எழுதினால் பொய். அலை வந்து அடிக்க அடிக்க ஒவ்வொருவராக நினைத்துத் திட்டினேன். வெயில் உச்சந்தலையில் ஏறி, நெஞ்சில் திட்டுவதற்கு ஆள் தீர்ந்த பிறகுதான் திரும்பினேன். குழம்பு அடிப்பிடித்துக் கருகியிருக்கும், நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

குழம்பு கருகவில்லை. சூட்கேஸ்களுக்கு நடுவில் என் மகள் குந்தியிருந்தாள். பாவாடையை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, காற்றில் கண் கலங்கக் கலங்கக் கரண்டியால் துழாவிக்கொண்டிருந்தாள். நான் குந்தியிருந்த அதே மாதிரி. அவளைவிடப் பெரியவன்களான நாத்தனார் பையன்கள் இரண்டு பேரும் மரங்களுக்கு நடுவே கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். என் கணவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தைதாம்மா கிண்டிகினு இருன்னு சொன்னாங்க" என்றாள் மகள்.

"பொம்பளப் புள்ளதான, கத்துக்கட்டும். நாளைக்கி ஒரு எடத்துக்குப் போவ வேணாமா?" என்றாள் நாத்தனார், முறத்தில் அப்பளத்தை எடுத்து வைத்துக்கொண்டே.

என்னைக் குந்த வைத்தபோதெல்லாம் பொறுத்தேன். நான் எழுந்து போய் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, அந்த இடம் காலியாக இருக்கக் கூடாதென்று என் பிள்ளையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். அவளைப் பெற்றவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மகள் கையிலிருந்து கரண்டியை வாங்கினேன். சிலிண்டரை மூடினேன். துணியால் குண்டானைப் பிடித்துத் தூக்கி, குழம்பு, மீன் எல்லாவற்றையும் ஒரு சவுக்கு மரத்தடியில் மணலில் கவிழ்த்தேன்.

"அடிப்பாவி, உனக்கு இன்னா பைத்தியமா புடிச்சிருக்கு?" என்று நாத்தனார் கத்தினாள்.

"இத்தினி பேரு பட்டினி கெடக்கறதா?" என்று கணவர் நாற்காலியை விட்டு எழுந்தார். அன்று காலையிலிருந்து அவர் ஒரு வேலைக்காக எழுந்தது அதுதான்.

"அதோ ஹாலு. காசு கட்டியிருக்கீங்க. போய்த் துன்னுங்க" என்றேன்.

மகள் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தேன். ஹாலில் மற்றவர்கள் சாப்பிட்டு முடிக்கிற நேரம். சோறு குழைந்திருந்தது, சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருந்தது. நான் வெளுத்துக் கட்டினேன். மகள் மட்டும் ஒரு வாய்க்கு ஒருமுறை வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நம்மள திட்டுவாங்களாம்மா?"

"திட்டுவாங்க. நீ சாப்பிடு" என்றேன்.