விலா எலும்பு காட்டிக்கொடுத்தது

அன்று காலை என் கணவர் என்னை உதைத்தது, நான் இருமியதற்காக. பொதட்டூர்பேட்டையில் எங்கள் வீட்டிலேயே விசைத்தறி ஓடியது. அந்தச் சத்தத்தையும் மீறி என் இருமல் கேட்டதாம். எச்.ஐ.வி. எனக்கு அவரிடமிருந்துதான் வந்தது. இருவரும் ஒரே மாத்திரையைத்தான் விழுங்கினோம். ஆனாலும் குடித்துவிட்டால், நோயைக் கொண்டுவந்தவள் நான்தான் என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துவார். கீழே விழுந்தவளின் நெஞ்சில் ஏறி மிதித்தார். உள்ளே ஏதோ முறிந்தது.

அவர் வெளியே போனதும் பஸ் ஏறித் திருத்தணிக்குப் போனேன். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார். இழுத்ததும் வலியில் கண் இருட்டிவிட்டது.

டாக்டரம்மா படத்தைத் திரையில் வெகுநேரம் பார்த்தார். நுரையீரலில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை என்றார். ஆனால் என்னைப் போல் எதிர்ப்புசக்தி குறைந்தவர்களுக்குக் காசநோய் இருந்தாலும் படம் சுத்தமாகத் தெரியலாம், சளியையும் பார்த்தே ஆகவேண்டும் என்றார். பிறகு அவர் விரல் படத்தின் ஓரத்தில் இருந்த விலா எலும்புகளுக்குப் போனது.

"இது புதுசா உடைஞ்சிருக்கு. இதெல்லாம் பழசு, தானா கூடியிருக்கு. யாரும்மா அடிச்சது?"

மாடிப்படியில் விழுந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். எங்கள் வீட்டுக்கு மாடியே கிடையாது.

"வீட்டுக்காருதாங்க."

காய்ச்சலும் இருந்ததால் படுக்கையில் சேர்த்தார்கள். சளியில் காசநோய்க் கிருமி இருந்தது. கணவரும் பரிசோதனைக்கு வரவேண்டும் என்று அவருக்குப் போன் போயிற்று. வந்தார். வார்டுக்குள் நுழைந்ததும் என் முடியைப் பிடித்துத் தரையில் இழுத்துப்போட்டார். கட்டில் கம்பியில் மோதி மூக்கு உடைந்தது.

"இருமி இருமி எனுக்கும் ஒட்டவெச்சிட்டியாடி" என்று காலைத் தூக்கினார்.

கையில் அகப்பட்டது குளுக்கோஸ் மாட்டும் இரும்புக் கம்பம். அவர் மார்பில் ஓங்கி அடித்தேன். அவர் விழுந்த பிறகும் அடித்தேன். நர்ஸ் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தபோதுதான் கை நின்றது. அந்த நேரத்தில் எனக்குப் பயமே வரவில்லை. அதை நினைத்துத்தான் பின்னால் பயந்தேன்.

அடிபட்டதற்காக அவருக்கும் படம் எடுத்தார்கள். நுரையீரலின் மேல்பகுதி அரித்து ஓட்டை விழுந்திருந்தது. நோய் அவருக்குப் பல மாதங்களாகவே இருந்திருக்க வேண்டும், எனக்குத் தொற்றியதே அவரிடமிருந்தாக இருக்கலாம் என்றார் டாக்டரம்மா. போலீசும் வந்து எழுதிக்கொண்டு போனது. என் கணவர் காசநோய்க்குக் கொடுத்த மாத்திரையை வார்டிலேயே வீசிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

என்னை அம்மையார்குப்பத்தில் இருந்த தன் வீட்டுக்குத் தங்கை அழைத்துப்போனாள். ஒருவேளைகூடத் தவறாமல் மாத்திரை சாப்பிட்டேன். இருமல் நின்றது, உடம்பு தேறியது. ஆடிக்கிருத்திகைக்குக் காவடிகள் மலையேறிக்கொண்டிருந்த நாளில், அவர் ரத்தம் கக்கி இறந்துவிட்டதாகக் கொழுந்தன் வந்து சொன்னான். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தட்டில் இருந்ததை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.