குடோன் சாரைக்கு நாங்க கட்டிவிட்ட விரதம்

பாம்பு சட்டை உரிக்கிறதுக்காகத் திங்காம கெடக்குதா, நோவுல கெடக்குதான்னு பாத்த உடனே சொல்லுவேன். அந்தச் சின்ன வயசுலயே சொல்லுவேன். தெரிஞ்சிருந்தும் ஒரு சீவனைச் சாக வுட்டேன். இத்தினி வருசம் கழிச்சும் அந்தப் பேச்சு வந்தா எனக்கு உள்ளங்கால்ல இருந்து உச்சி வரைக்கும் பத்திக்கினு வருது. எதிர்ல யாரு இருந்தாலும் ரெண்டு வார்த்தை கூடத்தான் விழும்.

அறுபதுகளோட ஆரம்பத்துல தொண்டூர்ல இருந்து செஞ்சிக்கு வாக்கப்பட்டு வந்தேன். மாமனாருக்குக் கடைத்தெருவுல மல்லாட்டை மண்டி, வேர்க்கடலைய நாங்க அப்பிடித்தான் சொல்லுவோம். முன்னால மண்டி, நடுவுல வீடு, பின்னால குடோன். நாங்க சமணருங்க. பொழுது சாயறதுக்குள்ள சாப்பிட்டு எழுந்துடணும், ஒரு எறும்புக்குக்கூட கெடுதல் நெனைக்கக் கூடாது. குடோன் நெறைய மல்லாட்டை மூட்டை. மல்லாட்டை இருக்கிற எடத்துல எலி இருக்காதா? பொறி வைக்க மாட்டோம், மருந்து வைக்க மாட்டோம். அப்போ எலிய யாரு பாத்துக்கினது?

சாரைப்பாம்புதான். நான் வர்றதுக்கு நாலு வருசம் முந்தி அனந்தபுரத்துல இருந்து வந்த மூட்டையில விரல் தடிமன்ல வந்துதாம். மூட்டை தூக்கறவங்க அடிக்கக் கம்பு எடுத்தப்ப எங்க வீட்டுக்காரர் தடுத்து, ஒடைஞ்ச தண்ணித்தொட்டியில வைக்கோல் போட்டு வுட்டாராம். நான் வந்தப்ப என் ஒசரத்த தாண்டி வளந்திருந்துது. வாரத்துக்கு ஒரு எலியோ ரெண்டு எலியோ பிடிக்கும். மாமனாரு அந்தப் பேச்சையே எடுக்க மாட்டாரு. “நம்ம குடோன்ல எலித்தொல்ல இல்லப்பா”ன்னு நாலு பேருகிட்ட பெருமையா சொல்லுவாரு. ஏன் இல்லன்னு சொல்ல மாட்டாரு. பாவம் அதுக்கு, லாபம் நமக்கு. நல்லாருக்குது ஞாயம்!

எனக்கு மொதல்ல பயம். அப்புறம் மல்லாட்டை பொறுக்க ஒக்காந்தா அது வந்து என் முழங்கால்மேல தலைய வெச்சுக்கும். தண்ணி வெச்சா குடிக்கும். பாம்புக்குப் பாசம் கெடையாதுன்னு படிச்சவங்க சொல்றாங்க. இருக்கட்டும், சூட்டுக்காகத்தான் வந்துதுன்னே வெச்சுக்கறேன். என்கிட்டதானே வந்துது.

கூடவே இருந்ததால அதோட வழக்கம் எனக்கு அத்துப்படி. சட்டை உரிக்கிற நேரம் வந்தா கண்ணு பால் படிஞ்ச மாதிரி ஆயிடும். எலி குறுக்க ஓடினாலும் சீண்டாது. அப்ப அதைத் தொடக்கூடாது, தண்ணிய மட்டும் வெச்சுட்டு வந்துடணும். கண்ணு தெளிஞ்சு சட்டையையும் கழட்டிப் போட்டுட்டா, அடுத்த ரெண்டு மூணு நாள்ல பசியோட கெளம்பிடும். எத்தினியோ தரம் பாத்திருக்கேன்.

அந்தத் தரம் கெளம்பல.

சட்டை கழண்டுது. கண்ணு கண்ணாடியாட்டம் இருந்துது. நாலு நாள் ஆச்சு, ஏழு நாள் ஆச்சு, தொட்டிய வுட்டு நகரல. எலிங்க மூட்டை மேல ஏறிக் கூத்தடிச்சுதுங்க. மாமனாரு சாரைய வந்து பாத்தாரு. பாத்தவரு கையக் கூப்பினாரு.

“கொலைய விட்டுடுச்சிம்மா”ன்னாரு. “நம்ம வீட்டுக் காத்து அப்பிடி. ஆகாரத்த விட்டுட்டு விரதம் இருக்குது.”

எங்க ஊர்ப்பக்கம் இந்த வார்த்தைக்கு இருக்கிற மரியாதை மத்தவங்களுக்குப் புரியாது. கிட்டத்துலயே குன்றுப் பாறையில, அந்தக் காலத்து முனிவரு எத்தினி நாள் உண்ணாம இருந்து உயிர வுட்டாருன்னு எழுதி வெச்சிருக்குது. சின்ன வயசுல இருந்து அதக் கும்பிட்டு வளந்தவ நான். அந்த விரதத்த நான் கொறச்சே சொல்ல மாட்டேன். ஆனா விரதம்னா திங்க முடிஞ்சவங்க வேணாம்னு விடறது. முடியாம விடறதுக்குப் பேரு நோவு. இதச் சொல்றதுக்குப் பெரிய படிப்பா வேணும்?

மறுநாளே தெருவுல பரவிடுச்சி. வீட்டுக்கு வீடு பொம்பளைங்க குளிச்சு மடியா வந்தாங்க. ஒருத்தி பூ போட்டா. ஒருத்தி அரிசி தூவினா. போன பிறவியில இது நம்மள்ல ஒருத்தரா இருந்திருக்கும்னு ஒருத்தி கண்ணு கலங்கினா. மாமனாரு வாசல்ல நின்னு வர்றவங்களுக்கெல்லாம் இன்னிக்கு எத்தனாவது நாள்னு சொல்லிக்கினு இருந்தாரு. மண்டிக்கு வந்த வெளியூரு வேவாரிங்ககூட எட்டிப் பாத்துட்டுப் போனாங்க. மனுசன் முகத்துல அப்பிடி ஒரு களை!

பன்னண்டாவது நாள் காலையில தண்ணி வெக்கப் போனேன். சாரையோட வாய் மூடல. கீழ்த்தாடை ஒரு பக்கம் வீங்கி, ஓரத்துல நூலாட்டம் எச்சில் தொங்குது. தண்ணில வாய வெச்சுது, குடிக்க முடியாம எடுத்துடுச்சி.

வீட்டுக்காரர்கிட்ட ஓடினேன். “வாய்ல புண்ணுங்க. மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடலாம், பஸ் ஸ்டாண்டு தாண்டினா வந்துடும்.”

“நைனா கிட்ட இன்னான்னு சொல்றது? ஊரே வந்து கும்பிடுது. ரெண்டு நாள் பொறு.”

பொறுத்தேன். கல்யாணமாகி ஒரு வருசம் ஆவல. மாமனாருக்கு எதுர்ல நின்னு பேசினது கெடையாது. புதுப்பொண்ணு வாய் நீளம்னு பேரு எடுக்க வேணாம்னு எங்க அம்மா சொல்லி அனுப்பியிருந்தாங்க. பொறு பொறுன்னு அவரு சொன்னாரு, நானும் சரி சரின்னு தலைய ஆட்டினேன். தண்ணியத் துணியில நனைச்சு அது வாயோரம் சொட்டு சொட்டா வுட்டேன். அதுதான் நான் கிழிச்சது.

இருபத்தி ரெண்டாவது நாள் சாயங்காலம் தொட்டிகிட்ட நாலஞ்சு பொம்பளைங்க. திடீர்னு ஒருத்தி, “ஐயோ, பாருங்கடி!”ன்னு கூவினா. ஒரு பெரிய எலி சாரையோட ஒடம்பு மேல ஏறி வால் பக்கம் போய் ஒக்காந்துது. சாரை அசையல. “எலியும் பாம்பும் ஒண்ணா இருக்குது பாத்தியா, இதுதாண்டி அஹிம்சை”ன்னு எல்லாரும் கன்னத்துல போட்டுக்கினாங்க.

நான் குனிஞ்சு பாத்தேன். எலி சும்மா ஒக்காந்திருக்கல. வால கடிச்சுத் தின்னுக்கினு இருந்துது. நாலு விரக்கட நீளத்துக்குத் தோலே இல்ல. உசுரோட இருக்கிற பாம்ப எலி திங்குது, இவங்க கும்பிட்டுக்கினு இருக்காங்க! எனக்கு வந்ததே ஆத்திரம், கையில இருந்த மொறத்த வீசிட்டேன். எலி ஓடிச்சி. பொம்பளைங்க என்னைப் பாத்த பார்வை இருக்குதே, பாவி நான்தான்ங்கற மாதிரி.

வாலக் காட்டி வீட்டுக்காரர்கிட்ட சண்டை போட்டேன். “காலையில நைனா கிட்ட சொல்றேன்”னாரு. சொன்ன மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சுது, சொல்ல மாட்டாருன்னு.

காலையில பாத்தா மாமனாரு கன்னத்தப் பிடிச்சுக்கினு கூடத்துல நடக்கறாரு. கடவாய்ப் பல்லு வலியாம். கஞ்சி வெச்சேன், ஒரு வாய் வெச்சுட்டுத் தட்டத் தள்ளிட்டாரு. “திங்க முடியலம்மா. திண்டிவனம் பஸ்ஸு எப்ப? டாக்டர்கிட்ட போய்ப் புடுங்கிக்கினு வந்துடறேன்”னு செருப்பத் தேடறாரு. ஒரே ஒரு வேளை! ஒரு வேளை கஞ்சி எறங்கல, ஐயாவுக்கு டாக்டர் வேணும்! தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்னு சும்மாவா சொன்னாங்க?

“ஏன் மாமா, நீங்களும் விரதம்னு இருந்துடுங்களேன்”னேன்.

வாசல்ல கும்பிட வந்தவங்க நாலு பேரு இருந்தாங்க. மாமனாரு கன்னத்துல இருந்து கைய எடுக்கல, என்னையே பாத்தாரு. நான் நிறுத்தல. “அதுக்கும் வாய்லதான் நோவு. அதுக்கு பஸ் ஏறத் தெரியல, அவ்ளோதான்”னேன். அழுகையும் சேந்து வந்துது. அழுதுக்கினே போய்ச் சாரையக் கோணிக்குள்ள சுருட்டிக் கூடையில வெச்சேன். யாரும் தடுக்கல. வீட்டுக்காரர் பின்னாலயே வந்து கூடைய என் கையில இருந்து வாங்கிக்கினாரு. அப்பதான் மனுசனுக்குக் காலு வந்துது.

மாட்டாஸ்பத்திரியில கோணியப் பிரிச்சதும் கம்பவுண்டர் பெஞ்சு மேல ஏறிட்டாரு. டாக்டர் சின்ன வயசு, வெளியூருக்காரரு. “நான் பாம்புக்கு வைத்தியம் பாத்ததே இல்லம்மா”னு வெளிப்படையா சொன்னாரு. தெரியாதத தெரியாதுன்னு சொன்ன ஒரே மனுசன், அந்த மாசம் பூரா நான் பாத்ததுல. ஒரு குச்சியால வாயத் திறந்தாரு. உள்ள கட்டித்தயிராட்டம் மஞ்சளா சீழு.

“எலி எதிர்த்துக் கடிச்சிருக்கும்மா. பல்லு பட்ட எடம் புரையோடிப் போச்சி. வாய மூட முடியல, எப்பிடித் திங்கும்?” ஊதாத் தண்ணியில பஞ்ச நனைச்சுத் தொடைச்சுக்கினே கேட்டாரு, “வாய் தெறந்து கெடக்கறத எப்பம்மா பாத்தீங்க?”

நான் குனிஞ்சு கோணிய மடிக்க ஆரம்பிச்சேன்.

“அன்னிக்கே கொண்டாந்திருக்கணும்”னு மட்டும் சொன்னாரு. திட்டக்கூட இல்ல. திட்டியிருந்தா எனக்குத் தேவலாம்னு இருந்திருக்கும்.

குடோனுக்கு அனுப்பாம சமையல்கட்டுப் பக்கத்துல வெச்சு, சொன்னபடி மூணு வேளையும் ஊதா மருந்து தடவினேன். ரெண்டாம் நாள் கொஞ்சம் தண்ணி குடிச்சுது. பொழைச்சுக்கும்னு நெனச்சுட்டேன். இருபத்தாறாவது நாள் காலையில என் முழங்கால் மேல தலைய வெச்சுது, எடுக்கல.

மாமனாரு பல்லப் புடுங்கிக்கினு என்னிக்கோ வந்துட்டாரு. அதுக்கப்புறம் என்கிட்ட முகம் குடுத்துப் பேசல. ஆனா வாசல்ல வந்து கேட்டவங்ககிட்ட, “நல்லபடியா முடிச்சிடுச்சி”ன்னாரு. பல்லு போன எடத்துல இருந்து அந்த வார்த்தை எப்பிடித்தான் வந்துதோ! குடோனுக்குப் பின்னால பொதைச்சு, கல் வேலை செய்றவர வரவழைச்சு, ஒரு கல்லும் நட்டாரு. அதுல நாள் கணக்கு வெட்டச் சொன்னாரு. இருபத்தாறு நாள்.

வந்தவங்க ஒவ்வொருத்தருகிட்டயும் நான் சொன்னேன், அது விரதம் இல்ல, பட்டினின்னு. அப்பத்தான் எனக்கு வாய் நல்லா தெறந்துது. “சின்னப் பொண்ணு, பாசம், பொலம்புது”ன்னு போயிட்டாங்க. ஏன் நம்பணும்? நோவுன்னு தெரிஞ்சிருந்தா முன்னாடியே சொல்லியிருக்க மாட்டேனான்னுதானே நெனப்பாங்க?

மாமனாரு போயிட்டாரு. மண்டி கைமாறிடுச்சி. கல்லு அங்கேயே இருக்குது, மஞ்சள் குங்குமத்தோட. அந்தப் பக்கம் போனா அந்த எழுத்த நான் படிக்காம வர்றதில்ல. அவரு மேல இருக்கிற கோவம் அங்க நின்னா கொறைஞ்சிடும், அதுதான் எனக்கு ஆத்திரம். அவரு நெசமாவே விரதம்னு நம்பினாரு. எனக்குப் பன்னண்டாவது நாளே தெரியும். இருபத்தி மூணாவது நாள்தான் வாயத் தெறந்தேன். அந்த இருபத்தாறுல நடுவுல பதினோரு நாள் என்னுது.