வளைவில் கழன்ற கொக்கி

மில்லிமீட்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மேசைமேல் ஓடிய அவருடைய குட்டி ரயில், வளைவில் திரும்பும்போது சுமை முழுவதையும் தரையில் கொட்டிவிட்டது. சைக்கிள் பேரிங்கிலிருந்து உருவிய குண்டுகள் அறை முழுக்க உருண்டன. ஆறு வாரம் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு அவர் செய்த வண்டி அது. கல்குவாரியில் ஜல்லி ஏற்றிப் போகும் வண்டியின் கையகல உருவம். பக்கவாட்டில் சாய்ந்து கொட்டும் தொட்டி, அதைச் சாயவிடாமல் பிடித்துவைக்கும் கொக்கி, எல்லாமே நிஜம்போல வேலை செய்ய வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று செய்தார்.

குவாரிப் பட்டறையில் இருபத்தெட்டு வருடம் ஃபிட்டராக இருந்தவர். அளந்து பார்க்காமல் ஒரு ஆணியைக்கூட நம்பமாட்டார். மில்லிமீட்டர் என்று பேர் வைத்ததே கூட வேலை செய்தவர்கள்தான். கேலியாக வைத்த பேரை அவர் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

அந்தப் பட்டத்துக்குப் பலியானவர் அவருடைய தங்கை வீட்டுக்காரர். ஏழு வருடத்துக்கு முன்னால், குவாரியில் நிஜ வண்டி ஒன்று இதேபோல வளைவில் சுமையைக் கவிழ்த்துக் கொட்டியது. பாதையோரம் நின்ற தொழிலாளி ஒருவரின் கால் போனது. அங்கே கொக்கி மாட்டுவது மாப்பிள்ளையின் வேலை. "மாட்டினேன், மாட்டினேன்" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். வண்டியைச் சோதித்த மில்லிமீட்டர், 'கொக்கியில் குறையில்லை, மாட்டினால் தானாகக் கழலாது' என்று எழுதிக் கொடுத்தார். மாப்பிள்ளைக்கு வேலை போனது. அன்றிலிருந்து தங்கை அண்ணன் வீட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. சொந்தம் வேறு, வேலை வேறு என்று மார்தட்டிக்கொண்டு திரிந்தார் மனிதர்.

இப்போதும் முதலில் தன் கையைத்தான் குறை சொன்னார். கொக்கியின் மூக்கை அரத்தால் ராவினார். மறுபடி ஓட்டினார், மறுபடி கொட்டியது. காலியாக ஓட்டிப் பார்த்தார். பத்துச் சுற்று ஓடியும் கொக்கி அசையவில்லை. குண்டுகளைப் போட்டால் மட்டும் வளைவில் கழன்றது. லென்ஸை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். சுமை ஏறியதும் தொட்டிக்கு அடியிலிருந்த ரப்பர் நசுங்கி, தொட்டி முடியளவு கீழே இறங்கியது. காலியாக இருக்கும்போது தொட்டியின் காது வளையத்தை இறுக்கிப் பிடித்திருந்த கொக்கி, இப்போது தொளதொளவென்று தொங்கியது. வளைவில் ஒரு குலுக்கல் போதும்.

நிஜ வண்டியிலும் அதே ரப்பர், அதே கொக்கி. சுமையோடு எந்த வண்டியும் பட்டறைக்குள் வரக்கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி. அடியில் படுத்து வேலை செய்கிறவன் மேல் கொட்டிவிட்டால் என்ன ஆவது? அன்றைக்கு அவர் கடப்பாரையால் குலுக்கு குலுக்கென்று குலுக்கிப் பார்த்ததும் காலி வண்டியைத்தான். ஒரு கூடை ஜல்லியைப் போட்டுப் பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை.

"ஏங்க, என் இடுப்பை ஒடிக்கவா இந்தக் குண்டையெல்லாம் பரப்பி வெச்சிருக்கீங்க?" என்று வழுக்கியபடியே உள்ளே வந்த மனைவி, அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். "என்னாச்சு? ஏன் இப்படி வெளுத்துப்போய் இருக்கீங்க?"

"மாப்பிள்ளை கொக்கி மாட்டித்தான் இருந்திருக்கார். நான்தான் காலி வண்டியைப் பாத்துட்டு எழுதிக் கொடுத்துட்டேன்."

அவள் அப்படியே கட்டிலில் உட்கார்ந்தாள். "இப்பவே போய்ச் சொல்லுங்க" என்றாள்.

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறது?"

"இருக்கிற மூஞ்சியோட போங்க. வேற மூஞ்சி கடையிலயா விக்குது?"

தங்கை கதவைத் திறந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கிடங்கில் மூட்டை தூக்கிவிட்டு வந்திருந்த மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். மில்லிமீட்டர் பையில் கொண்டுவந்த தண்டவாளத்தைத் தரையில் பூட்டி, குண்டுகளை நிரப்பிய வண்டியை நீட்டினார்.

"நீங்களே கொக்கிய மாட்டுங்க மாப்பிள்ளை."

காய்த்துப்போன விரல்களால் அவர் மாட்டினார். இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். ரயில் நேராக ஓடி, வளைவில் திரும்பியது. கொக்கி துள்ளிக் கழன்றது. குண்டுகள் சிதறின.

"சுமையோட நான் பாக்கவே இல்ல. தப்பு என்னோடது, மாப்பிள்ளை."

"அன்னிக்கு இவர் அழுது அழுது சொன்னாரேண்ணே!" தங்கை வெடித்தாள். "ஊரே நம்பாதப்பவும் நான் நம்பினேனே. உனக்கு மட்டும் ஏன் தோணல?"

மாப்பிள்ளை கத்தவில்லை. ஒரு குண்டைப் பொறுக்கி விரலில் உருட்டினார்.

"மாட்டினேன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன் மச்சான். ஆனா நீங்க எழுதினதப் பாத்த பிறகு நானே என்னை நம்பல. மில்லிமீட்டர் சொன்னா தப்பா இருக்காதேன்னு நெனச்சேன்." மனைவியை நிமிர்ந்து பார்க்காமலேயே தொடர்ந்தார். "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை சீட்டாடப் போறேன்னு உங்கிட்ட சொல்றேன்ல? அது பொய். கால் போனவன் வீட்டுக்குத்தான் போறேன். ஏழு வருஷமா, வாரா வாரம் போய் மன்னிப்புக் கேட்டுட்டு வர்றேன்."

தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். மில்லிமீட்டர் சிதறிக் கிடந்த குண்டுகளைப் பொறுக்கி வண்டியில் போட்டுவிட்டு எழுந்தார்.

"அந்த வீட்டைக் காட்டுங்க மாப்பிள்ளை. கேக்க வேண்டியவன் நான்."