வண்டிப் பங்கு

அரபு நாட்டில், புஜைராவில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் ஒரு ஸ்ட்ரெச்சரின் சக்கரம் கீச்சிடும். இன்று ஆபரேஷனுக்கு ஒருவரை அதில் தள்ளிக்கொண்டு போனேன்.

"சிஸ்டர், யல்லா," என்று அவசரப்படுத்தினார் அட்டெண்டர்.

அப்பா செய்த வண்டியும் அப்படித்தான் கத்தும். இரண்டு சைக்கிள் சக்கரம், மேலே பழைய கட்டில் சட்டம். ஊரில் பன்றி வேட்டைக்குப் போகிறவர்கள் அதை இரவல் வாங்கிப் போவார்கள். கறியில் துப்பாக்கிக்கு ஒரு பங்கு, நாய்க்கு ஒரு பங்கு, வண்டிக்கு ஒரு தொடை.

ஒருநாள் அப்பாவும் கூடப் போனார். திரும்பும் வழியில் சக்கரம் கழன்று புதருக்குள் உருண்டது. அதை எடுக்கக் குனிந்தவரை இன்னொரு பன்றி என்று நினைத்துச் சுட்டுவிட்டார்கள். சக்கரத்தை மாட்டி, வண்டியிலிருந்த பன்றியை இறக்கிவிட்டு அப்பாவை ஏற்றி வந்தார்கள். தெருமுனையில் கீச்சொலி கேட்டதும் நான் சட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

அப்பாவோடு வேட்டைக்குப் போயிருந்த சவரிமுத்து மாமா சாயங்காலம் இலைப் பொதியோடு வந்தார். "வண்டிக்கு உள்ள பங்கு, மக்ளே. வாங்கி வை."

துக்க வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. பக்கத்து வீட்டு அக்கா அந்தக் கறியைச் சமைத்துக் கொடுத்தாள். நான் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சரை நிறுத்தி, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று வழக்கம்போல நோயாளியிடம் கேட்டு எழுதிக்கொண்டேன்.