ஆறு நாள் நடை, மூன்று நாள் படுக்கை

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு ஜனவரியில் கல்கத்தா டாலிகஞ்சிலிருந்து கடல்வரைக்கும் நடந்தேன். இதைச் சொல்லும்போது என் நெஞ்சு கொஞ்சம் நிமிரும். அதனால் முழுவதையும் சொல்லிவிடுவது நல்லது.

நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தேன். என் மேலதிகாரி வங்காளி, ஐம்பத்தைந்து வயது. டாக்டர் அவரைத் தினம் அரைமணி நேரம் நடக்கச் சொன்னார். அரைமணி நடப்பதில் என்ன கௌரவம்? அலுவலகத்தில் நடைபயணச் சங்கம் தொடங்கித் தானே தலைவரானார். அவரோடு சேர்த்துப் பதினான்கு பேர். பக்காலி கடற்கரைவரை, நூற்றிருபது கிலோமீட்டருக்கு மேல், நடப்பது என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டோம். மறுவாரமே பன்னிரண்டு பேர் வீட்டில் கல்யாணமோ காய்ச்சலோ வந்துவிட்டது. மிஞ்சியது தலைவரும், லீவு வேண்டுமென்றால் அவரிடமே போய் நிற்கவேண்டிய நானும்.

நடந்தோம். குரங்குக் குல்லாயும் தெர்மாஸுமாக அவர் முன்னால் போவார். நான் கொப்புளங்களுடன் பின்னால். ஐந்தாம் நாள் காக்தீப்பைத் தாண்டியதும், இயற்கையோடு கொஞ்சம் தனியாக இருக்கவேண்டும், நீங்கள் முன்னால் போங்கள் என்றார். நாம்கானா படகுத்துறை டீக்கடையில் காத்திருந்தேன். அரைமணியில் வந்து சேர்ந்தார். முகத்தில் வேர்வை இல்லை. இதுவல்லவோ மனோதிடம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறாம் நாள் மத்தியானம் பக்காலிக்குப் பக்கத்து மீனவ கிராமத்தில் போய் விழுந்தோம். ஓய்வுக்கு மூன்று நாள் லீவு எடுத்திருந்தோம். ஒரு விதவை வீட்டில் இரண்டு அறைகள் பேசி வைத்திருந்தோம். ஊரே அந்த அம்மாவை மாஷி, அதாவது சித்தி, என்றது, நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். அன்று சாயங்காலமே என் மனைவியும் வந்துவிட்டாள். காலையில் சமைத்து, சாப்பிட்டு, துணி உலர்த்திவிட்டு பஸ் ஏறியிருக்கிறாள். இறங்கியதும், “இந்த இடத்துக்கா ஆறு நாளு?” என்றாள்.

கடல் காற்று நுரையீரலைக் கழுவிவிடும் என்று வழியெல்லாம் அதிகாரி சொல்லிக்கொண்டு வந்தார். கரை முழுக்க மூங்கில் கட்டி மீன் உலர்த்தியிருந்தார்கள். கழுவ வந்த காற்று கருவாட்டு வாடையோடு வந்தது. அவர் மஃப்ளரால் மூக்கைக் கட்டிக்கொண்டார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரியான என் மனைவி ஆழமாக ஒரு மூச்சு இழுத்து, “சாவாளை” என்று மீனைக் கண்டுபிடித்தாள். அப்புறம் அவளை வீட்டில் பார்ப்பதே அரிதாகிவிட்டது.

கல்கத்தாவிலிருந்து நடந்து வந்தோம் என்றதும் பஸ் ஸ்ட்ரைக்கா என்று மாஷி கவலையாகக் கேட்டாள். இல்லை என்றோம். யாராவது செத்துப் பிழைத்ததற்கு வேண்டுதலா என்றாள். அதுவும் இல்லை. உடம்புக்காக என்று அதிகாரி விளக்கினார். வெந்நீரில் உப்புப் போட்டு எங்கள் நாலு கால்களுக்கும் இரண்டு வாளி வைத்தாள் மாஷி. பிறகு தலையில் கூடையைத் தூக்கிக்கொண்டு உலர்களத்துக்கு அன்றைய மூன்றாவது நடையாகக் கிளம்பினாள். அவளுக்கு இதற்கெல்லாம் சங்கம் இருப்பது தெரியாது.

மறுநாள் காலை அதிகாரி கட்டிலில் சாய்ந்து அலுவலக இதழுக்குக் கட்டுரை சொன்னார். என் கையெழுத்து நன்றாயிருக்கும் என்பதால் நான் எழுதினேன். டீக்கடையில் படுத்திருந்த ஒரு நாய், கட்டுரையில் எட்டு நாய்களாகி எங்களைத் துரத்தியது. காக்தீப்புக்கு அப்பால் வயல்வெளியில் அவர் தனித்து நடந்த பத்திக்கு வந்திருந்தோம். கருவாட்டு மூட்டை ஏற்ற ஒரு வேன் ரிக்‌ஷா வாசலில் வந்து நின்றது. பின்னால் பலகை வைத்த மூன்று சக்கர வண்டி. ஓட்டி வந்தவன் மாஷியின் கொழுந்தன்.

அதிகாரியைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. “பாபு, இடுப்பு வலி தேவலையா? அன்னிக்கு நாம்கானா வரைக்கும் படுத்துக்கிட்டே வந்தீங்களே.”

என் பேனா நின்றது. மாஷி விவரம் கேட்டாள். அவன் ஒளிக்காமல் சொன்னான். காக்தீப் தாண்டி ஏறினார், படகுத்துறைக்கு நூறு அடி முன்னால் இறங்கிக்கொண்டார். வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி தலை நிமிரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

அதிகாரி குல்லாயைக் கழற்றினார். நடை தொடங்கிய நாளிலிருந்து அவர் தலையை நான் பார்க்கவில்லை. நாலாம் நாளே இடுப்பு விட்டுப்போயிற்று என்றார் மெதுவாக. “உங்ககிட்ட சொன்னா, திரும்பிடலாம்னு சொல்லியிருப்பீங்க.”

சொல்லியிருப்பேன். சந்தோஷமாகச் சொல்லியிருப்பேன். அந்த முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. இரண்டாம் நாள் கொப்புளத்துக்குக் கட்டுப் போடவேண்டும் என்று பின்தங்கியவன், டயமண்ட் ஹார்பருக்கு முன்னால் நாலு ஸ்டாப் பஸ்ஸில் வந்தேன் என்று சொல்லிவிட்டேன். மனைவி இப்போது நிமிர்ந்து பார்த்தாள்.

அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பதினோரு வருஷத்தில் என் முன்னால் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகுதான் உண்மையான ஓய்வு. கட்டுரையை மூட்டை கட்டி வைத்துவிட்டு, மீதி இரண்டு நாளும் சோறு தின்று தூங்கினோம். மஃப்ளரைக்கூட மூக்கிலிருந்து இறக்கிவிட்டார். என் மனைவி மாஷியோடு உலர்களத்துக்கும் கரைக்குமாகப் போய்வந்தாள். எவ்வளவு தூரம் நடந்தாய் என்று கேட்டேன். அதையெல்லாம் யார் பார்த்தார்கள் என்றாள்.

மூவரும் பஸ்ஸில் திரும்பினோம். ஆறு நாள் நடந்த பாதை ஜன்னலில் அரைநாளில் ஓடி முடிந்தது. அலுவலகத்தில் எங்களுக்குப் பாராட்டு விழா. கல்யாணமும் காய்ச்சலும் தீர்ந்த பன்னிரண்டு பேரும் முன்வரிசையில் இருந்தார்கள். சால்வை போட்டார்கள். அதிகாரி பேச எழுந்தார். “கடல் வரைக்கும், பெரும்பாலும், நடந்தே போனோம்” என்றார். ‘பெரும்பாலும்’ என்பதற்குள் கைதட்டல் கிளம்பிவிட்டது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் தட்டினேன்.